அச்சுல எழுபது நிமிஷம்

இல்ல சார், நான் வேலிக்குள்ள கால் வைக்கவே இல்ல. வேலிக்கு வெளியில நின்னேன். வெளியில இருக்கற மண்ணு ஏர்போர்ட்டுக்குச் சொந்தமில்ல, ரோட்டுக்குச் சொந்தம். உங்க செக்யூரிட்டி ஆளு என்னத்த எழுதிக் குடுத்தானோ தெரியாது, ஆனா அவனுக்கு எழுத வராதுங்கறது எனக்குத் தெரியும். என்னது, சந்தேகத்துக்கிடமான முதியவரா? பாருங்க. முதியவர்ங்கறது சரி. சந்தேகம் எதுல வந்ததாம்? ஒரு கைக்கடிகாரம், ஒரு நோட்டு, ஒரு பேனா. இந்த மூணையும் ஒருத்தன் ஒண்ணா வச்சிருந்தா இந்தக் காலத்துல சந்தேகம் வரத்தான் வரும் போல.

உக்காருங்க. அது வேண்டாம், அதுக்கு ஒரு கால் சரியில்ல, இதுல உக்காருங்க. மேனேஜர் ஒருத்தர் வீடு தேடி வந்து திட்டறது எனக்குப் புதுசு. முன்னாடி இருந்தவங்க எல்லாம் இருந்த இடத்துலேருந்தே திட்டுவாங்க. வந்து மூணு வாரம்தானே ஆச்சு உங்களுக்கு? இந்த மூணு வாரத்துல என் கடுதாசி எத்தனை வந்துது? ஒன்பது. சரியாச் சொல்றீங்க. ஒண்ணுக்குக்கூட பதில் போடல, ஆனா எண்ணி வச்சிருக்கீங்க. உங்க கட்டடத்துல அதுவே பெரிய விஷயம்.

ஆமாம்மா, மேனேஜர்தான் வந்திருக்கார். சொல்றேன், சொல்றேன். இப்பத்தான் உக்காந்திருக்கார், அதுக்குள்ள கழுத்தைப் பிடிக்கச் சொல்றியா? நீ படு. என் வீட்டுக்காரி சார். படுத்தவாக்குல கிடக்கறவளுக்குக் காது எப்பிடிக் கூர்மையாயிடுச்சுங்கறீங்க, தெருவுல போற சைக்கிள் யாரோடதுன்னு சொல்லிடுவா. நாம பேசற ஒரு எழுத்துகூடத் தப்பாது.

ஒன்பது கடுதாசியையும் நீங்க எண்ணினீங்க, படிக்கல. அதனால வாயாலயே சொல்லிடறேன். பதினோரு வாரத்துக்கு முன்னாடி இவ பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா. முதுகெலும்புல ஒரு வளையம் நொறுங்கி நரம்பை அழுத்துது. இடது பாதத்துல ஆரம்பிச்ச மரப்பு இப்ப முழங்காலைத் தாண்டிடுச்சு. இந்த ஊர் ஆஸ்பத்திரியில படம் எடுப்பாங்க, வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாங்க, உச்சுக் கொட்டுவாங்க. அதுக்கு மேல இங்க வைத்தியம் கிடையாது. பண்றவர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கார், உங்க விமானம் போய் எறங்கற ஊர்ல. பன்னண்டு வாரத்துக்குள்ள கொண்டாங்க, நடக்க வைக்கறேன். அதுக்கப்புறம் பண்றதும் பண்ணாததும் ஒண்ணுதான்னு அந்த சர்ஜன் போன்லயே சொல்லிட்டார். ஒரு தேதி குடுத்தார், அது போயிடுச்சு. வர்ற வியாழக்கிழமை ரெண்டாவது தேதி. இன்னிக்குத் திங்கள். மூணாவதுன்னு ஒண்ணு கிடையாது.

ரோட்டுல போகலாமேன்னு வாயெடுக்காதீங்க. எல்லாரும் எடுத்துட்டாங்க. முதல் தேதிக்கு ஆம்புலன்ஸ்லதான் ஏத்தினோம். மலைப்பாதை, நூத்திப் பன்னண்டு வளைவு, ஏழு மணி நேரம். ஒன்பதாவது வளைவுல இவ போட்ட சத்தத்துல டிரைவரே வண்டியை ஓரங்கட்டிட்டு, ஐயா என்னால முடியாதுன்னு இறங்கி நின்னுட்டான். இருபது வருஷமா அடிபட்டவங்களை ஏத்திக்கிட்டுப் போறவன் சார் அவன். திருப்பிக் கொண்டாந்துட்டோம்.

ஸ்ட்ரெச்சரோட விமானத்துல ஏத்தறதா? உங்க விமானத்தோட கதவை நீங்க பாத்திருக்கீங்களா, இல்ல ஆபீஸ் சுவத்துல மாட்டியிருக்கற படத்துலதான் பாத்தீங்களா? கொஞ்சம் பூசினாப்ல இருக்கற மனுஷன் ஒருக்களிச்சுத்தான் உள்ள நுழையணும். ஸ்ட்ரெச்சர் எங்க திரும்பும்? அதனால உக்காந்துதான் போகணும். உக்காரலாம்னு சர்ஜனும் சொல்லிட்டார். இடுப்புல பட்டி கட்டி, சாயாம கொள்ளாம, நிமிந்து, ஒரே மூச்சுல நாப்பத்தஞ்சு நிமிஷம் உக்காரலாம். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட அவர் பொறுப்பில்ல.

இப்ப கவனிங்க. இங்கேருந்து அங்க போக, சக்கரத்துக்கு முன்னாடி இருக்கற கட்டையை எடுத்த நிமிஷத்துலேருந்து அந்த ஊர்ல கட்டையை வைக்கற நிமிஷம் வரைக்கும், முப்பத்தாறு நிமிஷம். கடைசி ஆளா ஏத்த மூணு, முதல் ஆளா எறக்க மூணு. மொத்தம் நாப்பத்திரெண்டு. போய்ச் சேந்துடலாம். ஆனா உங்க கம்பெனி அச்சடிச்ச அட்டவணையில என்ன இருக்கு? ஒரு மணி பத்து நிமிஷம். எழுபது! அந்த எழுபதைப் பாத்துட்டு உங்க கம்பெனி டாக்டர், நோயாளி உக்காரக்கூடிய நேரம் நாப்பத்தஞ்சு, பயண நேரம் எழுபது, எனவே அனுமதி மறுக்கப்படுகிறதுன்னு பாரத்துல எழுதிட்டார். அந்த எனவேயை அவர் எவ்வளவு அழகா எழுதியிருக்கார்னு பாக்கணும் நீங்க. கழுத்துல ஸ்டெதாஸ்கோப் தொங்குது, அது இதயத்துல என்ன கேக்குதோ தெரியல, மனுஷன் பேசறது மட்டும் காதுல விழல. நான் கேட்டேன், டாக்டர், நீங்களே மாசம் ரெண்டு தடவ இதே விமானத்துலதானே வர்றீங்க, எழுபது நிமிஷமா ஆகுது? ஆகாதுதான், ஆனா நான் பேப்பரைத்தான் பாக்கணும்ங்கறார். பேர் டாக்டர், வேலை கிளார்க். கிளார்க்கையாவது நான் மதிப்பேன்.

டீ எடுத்துக்கங்க. நான் போட்டதுதான், நல்லாத்தான் இருக்கும். இந்தப் பதினோரு வாரத்துல சமையலும் படிச்சு முடிச்சாச்சு. எதையும் நான் யாருகிட்டயும் போய்க் கத்துக்கிட்டவன் இல்ல. அந்த ஏர்போர்ட்டுல முப்பத்தொரு வருஷம் இருந்தேன். சக்கரத்துக்குக் கட்டை வைக்கற வேலைக்குத்தான் போனேன், எட்டாம் வகுப்போட. குப்பையில போட்ட விமானக் கையேடுகளை எடுத்தாந்து ஒவ்வொரு வரியா, அகராதி வச்சுக்கிட்டு, வாய்விட்டுப் படிச்சேன். கடைசியில நாற்காலியில உக்காந்து ரிட்டையர் ஆனேன். அதனால என்கிட்ட வந்து, உங்களுக்கு இதெல்லாம் புரியாது பெரியவரேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நீங்க சொல்லல, சரி. சொல்ற மாதிரி மூஞ்சி போனதால சொன்னேன்.

இந்தத் தூரத்தைப் பத்தி எத்தனை பேர் எத்தனை விதமா உளறியிருக்காங்கன்னு ஒரு புத்தகமே போடலாம். முதல்ல எங்க மாப்பிள்ளை. கம்ப்யூட்டர்ல பெரிய வேலைன்னு சொல்லித்தான் கட்டிக் குடுத்தோம். போனைத் தடவிப் பாத்துட்டு, மாமா, கவலையே படாதீங்க, ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல நூத்தி எண்பத்தேழு கிலோமீட்டர்தான், பறக்கற நேரம் பதினாலு நிமிஷம்னு போட்டிருக்குங்கறார். பதினாலு! பீரங்கிக்குள்ள வச்சுச் சுட்டாக்கூட பதினாலு நிமிஷத்துல போய் விழ முடியாது. எப்பிடி வந்துது தெரியுமா அந்தப் பதினாலு? எந்த ரெண்டு ஊரைக் கேட்டாலும் நடுவுல நேரா ஒரு கோடு போடுது, அந்தக் கோட்டை மணிக்கு எண்ணூறு கிலோமீட்டரால வகுத்துடுது. நடுவுல மலை நிக்கறது அதுக்குத் தெரியாது. இந்த ரன்வேயில எண்ணூறுல போற விமானம் வந்து எறங்கினா, பக்கத்துக் கோழிப்பண்ணையிலதான் போய் நிக்கும்ங்கறதும் தெரியாது. இங்க ஓடறது ரெண்டு விசிறி வச்ச சின்ன விமானம். ஏறணும், மலையோட தோளைச் சுத்தணும், எறங்கணும். சுத்திப் போறதுனால நூத்தி எண்பத்தேழு இருநூத்தி ஆறாகும். இதை மாப்பிள்ளைகிட்ட சொன்னா, மாமா, ஆனா இதுல அப்பிடித்தானே போட்டிருக்குங்கறார். அந்தாளுக்கும் உங்க டாக்டருக்கும் என்ன வித்தியாசம்? ஒருத்தர் போனைப் பாத்துப் பொழைக்கறார், இன்னொருத்தர் பேப்பரைப் பாத்துப் பொழைக்கறார். ஜன்னலைப் பாக்க யாருமில்ல.

ஆமாடி, உன் மாப்பிள்ளையத்தான் சொல்றேன். இல்ல, திட்டல. வர்ணிக்கறேன்.

அப்புறம் உங்க விமானி. அவரை வாசல்லயே மடக்கிக் கேட்டேன். கறுப்புக் கண்ணாடியைக் கழட்டாமலே சிரிச்சார். சார், நாங்க முப்பத்தஞ்சு முப்பத்தாறுல போயிடுவோம், ஆனா நான் எழுதித் தரக் கூடாது, அது கமர்ஷியல் டிபார்ட்மெண்ட்டு வேலைன்னார். ஆகாயத்துல நாப்பது உசுரைத் தூக்கிக்கிட்டுப் போற மனுஷனுக்கு, ஒரு துண்டுச் சீட்டுல ரெண்டு இலக்கம் எழுதத் தைரியமில்ல. இவங்களை நம்பித்தான் நாம பெல்ட்டைப் போடறோம்.

அதனாலதான் வேலியோரம் போய் நின்னேன். எங்க காலத்துலேருந்தே ஒரு பழக்கம் உண்டு. கட்டை எடுக்கறவர் எடுத்த நிமிஷத்தைத் தன் நோட்டுல குறிச்சுக்குவார். ஆபீஸ் கேக்காது, ஆனா குறிச்சுக்குவார். அந்த ஊர்ல வைக்கறவரும் அப்பிடித்தான். இப்ப இங்க இருக்கறவனை எல்லாரும் கட்டைன்னுதான் கூப்பிடுவாங்க, அவனுக்கே சொந்தப் பேர் மறந்து போயிருக்கும். நான் வேலைக்கு எடுத்த பயல்தான், இப்ப அவனே பேரன் எடுத்துட்டான். அவன் இங்க கட்டையை உருவினதும் எனக்குக் கையைத் தூக்கிக் காட்டுவான், நான் வேலிக்கு இந்தப் பக்கம் நேரத்தை எழுதுவேன். அங்க சக்கரத்துல கட்டை விழுந்ததும் அந்த ஊர்க்காரர் எனக்கு ஒரு மிஸ்டு கால். எடுக்கக் கூடாது. ஒரு மணி அடிச்சாப் போதும், எழுதிக்குவேன். ஆறு வாரம் சார். முப்பத்தொன்பது பயணம். ரொம்பக் குறைச்சல் முப்பத்துநாலு, ரொம்ப அதிகம் முப்பத்தெட்டு. மழை பேஞ்ச அன்னிக்குத்தான் அந்த முப்பத்தெட்டு. அம்பதுகூட ஆனதில்ல, எழுபதுக்கு எங்க போறது? எல்லாம் இந்தக் கவர்ல இருக்கு, தேதிவாரியா. நோட்டைத் தரமாட்டேன், பாத்து எழுதின பிரதிதான்.

கட்டையைத் தயவுசெஞ்சு ஒண்ணும் கேக்காதீங்க. கையைத் தூக்கினதைத் தவிர அவன் வேற எந்தக் குத்தமும் பண்ணல. உங்க வளாகத்துல உருப்படியா நேரம் தெரிஞ்ச ஒரே ஆள் அவன்தான்.

ஏன் எழுபதுன்னு கேளுங்களேன். கேக்கமாட்டீங்க, உங்களுக்கே தெரியும். நான் சொல்றேன், தலையை மட்டும் ஆட்டுங்க. முப்பத்தாறு நிமிஷப் பயணத்துக்கு எழுபதுன்னு அச்சடிச்சுட்டா, அரை மணி நேரம் லேட்டாக் கிளம்பலாம். பயணிங்களை வெயில்ல நிக்க வச்சுட்டு உள்ள அரட்டை அடிக்கலாம். ஒரு பெட்டியைத் தொலைச்சுட்டுத் தேடலாம். எல்லாம் முடிஞ்சு கிளம்பினாலும், அங்க எறங்கறப்ப குறித்த நேரத்துக்கு முன்பாகவே வந்தடைந்தோம்னு ஒலிபெருக்கியில பெருமையடிச்சுக்கலாம். உள்ள இருக்கறவங்க கை தட்டறாங்க சார்! நானே கேட்டிருக்கேன், மிஸ்டு கால் போடற அந்த ஆள் ஒருநாள் விமானக் கதவு திறந்ததும் போனை அந்தப் பக்கம் நீட்டிக் கேக்க வச்சார். முப்பத்தாறு நிமிஷ வேலையை அறுபத்தஞ்சு நிமிஷத்துல முடிச்சதுக்குக் கைதட்டல். கொத்தனார் ஒருத்தர் இந்தக் கணக்குல வேலை பாத்தா செங்கல்லாலயே அடிப்போம்.

என்ன, பையிலேருந்து எதையோ எடுக்கறீங்க. கோப்பா? ஓ, கோப்பையே கொண்டாந்துட்டீங்களா. பரவாயில்ல, வீட்டுப்பாடம் பண்ணிட்டுத்தான் வந்திருக்கீங்க. உங்களைக் கொஞ்சம் குறைச்சலா எடை போட்டுட்டேன்.

சரி, சொல்லுங்க. ம். ம். அதாவது, உண்மையான பயண நேரம் இதுன்னு டாக்டருக்கு ஒரு கடுதாசி எழுதற அதிகாரம் உங்களுக்கு இருக்கு. அப்பிடியா! இந்தச் சேதியை ஒன்பது கடுதாசிக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே. ஆனா? ஆமா, ஒரு ஆனா இருக்குமே, இல்லாட்டி நீங்க மேனேஜரா எப்பிடி ஆகியிருப்பீங்க. கோப்புல அட்டவணையில பண்ணின ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் பதிவாகியிருக்கு. அந்தக் காரணம் பொய்யின்னு நிரூபணம் இல்லாம, நீங்க பாட்டுக்கு முப்பத்தாறுன்னு எழுதினா, நாளைக்கு ஏதாவது ஆனா உங்க தலை உருளும். வேலிக்கு வெளியில நின்ன பெரியவரோட நோட்டு ஆதாரம் ஆகாது. நியாயம்தான். என்ன காரணம் எழுதியிருக்கு? நீங்களே படிங்க, எனக்குக் கண்ணாடி உள்ள இருக்கு.

எதிர்க்காத்து.

எத்தனை இடத்துல? ஆறு இடத்துலயுமா? முதல்ல நாப்பது இருந்துது. அப்புறம் நாப்பத்தஞ்சு, எதிர்க்காத்து. அம்பது, எதிர்க்காத்து. அம்பத்தஞ்சு, பலத்த எதிர்க்காத்து. அறுபது, பருவ மாற்றத்தினால் எதிர்க்காத்து. அறுபத்தஞ்சு. எழுபது, தொடர்ச்சியான எதிர்க்காத்து. படிக்கறப்ப உங்களுக்குச் சிரிப்பு வரலையா? போறப்ப எழுபது. சரி, எதிர்க்காத்துன்னே வைங்க. திரும்பி வர்றப்ப எவ்வளவு? அதே அட்டவணையில கீழ் வரி. பாத்தீங்களா, அதுவும் எழுபது, அதுவும் எதிர்க்காத்து. போறப்பவும் மூஞ்சியில அடிக்குது, வர்றப்பவும் மூஞ்சியில அடிக்குது. அது என்ன காத்து சார்? விமானத்தைப் பாத்துப் பாத்து, திரும்பித் திரும்பி அடிக்கற காத்தா? இந்தக் கோப்புல ஆறு மேனேஜர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஒருத்தராவது பக்கத்தைத் திருப்பிப் பாத்திருந்தா சிரிச்சிருப்பாங்க. பாக்கல. ஒரு மனுஷன் தைரியமாப் பொய் எழுதறான்னா, படிக்கறவங்க யோக்கியதை அவனுக்குத் தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

அந்தக் கையெழுத்து நல்லா இருக்கா? முத்து முத்தா இருக்கும். அந்த ஆளை எனக்குத் தெரியும். நல்லாவே தெரியும். மகா அற்பன். அச்சுல வந்த மாதிரி பேசுவான், அச்சுல வந்த மாதிரியே எழுதுவான், நாலு எழுத்து படிச்சுட்டோம்ங்கற திமிரு தலைக்கு மேல கொம்பா நிக்கும். கூட வேலை பாத்தவங்க ஒரு எழுத்து தப்பா எழுதினா ஊரைக் கூட்டுவான். ஒருநாள் கூட விமானத்துல ஏறினதில்ல, அதையும் சொல்லணும். காத்தைப் பத்தி ஆறு தடவ எழுதினவன் தரையை விட்டு ஒரு அடி மேல போனதில்ல.

ஏன் பண்ணினானா? வருஷாவருஷம் கம்பெனியில ஒரு கேடயம் குடுப்பாங்க, நேரம் தவறாத நிலையம்னு. முதல் வருஷம் நம்ம நிலையத்துக்குக் கிடைக்கல. மேனேஜர் இவனைக் கூப்பிட்டு, இவ்வளவு படிச்சிருக்கியே, ஏதாவது வழி இருக்கான்னு கேட்டார். அந்தக் கேள்விதான் சார். அதுவரைக்கும் எந்த மேனேஜரும் அவனைப் பாத்து, படிச்சிருக்கியேன்னு சொன்னதில்ல. அஞ்சு நிமிஷம் கூட்டி, கூடவே ஒரு காத்தையும் எழுதினான். கேடயம் வந்துடுச்சு. மேடையில இவன் பேரையும் சேத்துப் படிச்சாங்க. அடுத்த வருஷம் எல்லாரும் இன்னும் கொஞ்சம் சோம்பேறி ஆனாங்க, இன்னும் லேட்டாக் கிளம்பினாங்க, இன்னொரு அஞ்சு வேண்டியிருந்துது. இப்பிடியே ஆறு தடவ. ஒவ்வொரு தடவையும், யாருக்கு என்ன நஷ்டம், பயணிக்கு முன்கூட்டியே போய்ச் சேந்த சந்தோஷம்தானேன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டான். அந்த எண்ணைப் பாத்து ஒருநாள் ஒரு டாக்டர் எனவேன்னு எழுதுவார்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்?

ஆளு இருக்கானாவா? இருக்கான். உயிரோடதான் இருக்கான். கண்டுபிடிச்சு எழுதி வாங்கினா உங்களுக்குப் போதுமா? அந்த ஆறு காரணமும் பொய், எந்தக் காத்தும் அடிக்கல, கேடயத்துக்காக எழுதினேன்னு அவன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டா, நீங்க முப்பத்தாறுன்னு கடுதாசி குடுப்பீங்களா? நாளைக்கே? இன்னொரு தடவ சொல்லுங்க. சரி.

அந்தக் கவரைப் பிரிங்க. நோட்டுப் பிரதிக்கு அடியில தனியா ஒரு தாள் இருக்கும். கோப்புல இருக்கற எழுத்தோட பக்கத்துல வச்சுப் பாருங்க. வயசானதால கொஞ்சம் நடுங்கியிருக்கும், ஆனா அந்தச் சுழி மாறியிருக்காது.

என்னைப் பாக்காதீங்க, தாளைப் பாருங்க. அட்டவணை எழுதற நாற்காலியிலதான் நான் ரிட்டையர் ஆனேன். அந்தக் காத்தையெல்லாம் நான்தான் சார் அடிக்க வச்சேன்.

தேதியைப் பாத்துட்டீங்களா? நீங்க பாத்துடுவீங்கன்னு தெரியும், எண்ணிப் பாக்கற ஆளு. ஆமா, அதை ஆறு வாரத்துக்கு முன்னாடியே எழுதிட்டேன். டாக்டர் பாரத்தைத் திருப்பி அனுப்பின அன்னிக்கே உக்காந்து எழுதினது. எழுதி மடிச்சு அலமாரியில வச்சுட்டு, கைக்கடிகாரத்தை எடுத்துக்கிட்டு வேலிக்குப் போயிட்டேன். கணக்கு இருந்தாப் போதும், முப்பத்தொன்பது பயணத்தோட நிமிஷத்தை மூஞ்சிக்கு நேரா நீட்டினா எந்த மடையனும் ஒத்துக்குவான், இந்தத் தாள் அலமாரியிலயே கிடக்கட்டும்னு நெனச்சேன். முதல் தேதிக்கு ஆம்புலன்ஸ்ல ஏத்தினோமே, ஒன்பதாவது வளைவு வரைக்கும், அன்னிக்கும் இது அலமாரியிலதான் இருந்துது. அப்ப முட்டிக்குக் கீழதான் மரப்பு. நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு உங்க கம்பெனியைத் திட்டிக்கிட்டே வந்தேன். அவ வலியில கத்தறா, நான் டாக்டரைத் திட்டறேன், விமானியைத் திட்டறேன், எழுபதுன்னு எழுதினவன் நாசமாப் போகன்னு திட்டறேன். அவளும் கூடச் சேந்து திட்டினா.

அதுல ஒண்ணும் விட்டுப் போகல, ஆறு திருத்தமும் தேதியோட இருக்கு. கேடயத்தை வேணும்னா திருப்பி வாங்கிக்கங்க, பேரை அடிச்சுடுங்க, நோட்டீஸ் போர்டுல என்ன ஒட்டணுமோ ஒட்டுங்க. கேஸ் போட்டாலும் வர்றேன். ஆனா அந்தக் கடுதாசி புதன்கிழமை காலையில டாக்டர் மேஜையில இருக்கணும். வியாழக்கிழமை விமானத்துல கதவுக்குப் பக்கத்து சீட்டு, கடைசியா ஏத்தணும், முதல்ல எறக்கணும். கட்டைகிட்ட நான் ஏற்கனவே சொல்லியாச்சு.

உங்க பேனா எழுதலைன்னா இதை வச்சுக்கங்க. இல்ல, இங்கயே உக்காந்து எழுதுங்க, அவசரமில்ல.

உள்ள சத்தம் நின்னுடுச்சு, கவனிச்சீங்களா? இவ்வளவு நேரம் கட்டில் முனகிக்கிட்டு இருந்துது. அவளுக்கு ஒரு எழுத்துகூடத் தப்பாதுன்னு சொன்னேனே. இதை நான் போஸ்ட்லயே போட்டிருக்கலாம், உங்க ஆபீஸுக்கு வந்தும் குடுத்திருக்கலாம். ஆனா அவ முன்னாடி போய் நின்னு நேரா சொல்ல எனக்கு வாய் வரல சார். உங்களை இங்க வரவழைக்கத்தான் வேலியில அத்தனை நாள் நின்னேன் போலிருக்கு.

நீங்க எழுதுங்க. நான் உள்ள போய்ட்டு வர்றேன். இந்த நாற்காலியிலேருந்து அந்தக் கட்டில் பதினோரு அடி. எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியல.